கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் எத்னிக் ஸ்டடீஸ்: தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பே ஏரியா தமிழ் வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்ததும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் எத்னிக் ஸ்டடீஸ் என்ற பெயர் பெரும்பாலும் "இதை ஏன் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்வியோடுதான் வரும். சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் இதையே படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதால் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எத்னிக் ஸ்டடீஸில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

அமெரிக்காவில் வெள்ளையர் அல்லாத மக்களின் வாழ்க்கையை அவர்கள் பக்கத்திலிருந்து படிப்பதுதான் இந்தத் துறை. இந்த மண்ணில் முதலில் இருந்த பூர்வகுடிகள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நான்கு பெரும் பிரிவுகள் உண்டு. சட்டம் இவர்களை எப்படி நடத்தியது, எங்கே குடியிருக்க விட்டது, எந்த வேலைக்கு அனுமதித்தது, இவர்கள் என்ன எழுதினார்கள், எதற்காகத் தெருவில் இறங்கினார்கள் என்றெல்லாம் படிப்பார்கள். வரலாறு, சட்டம், இலக்கியம், சமூகவியல் எல்லாம் இதில் கலந்திருக்கும்.

இதை யார் ஆரம்பித்தது? அரசாங்கமா, பேராசிரியர்களா?

மாணவர்கள். அதுவும் வேலைநிறுத்தம் செய்து வாங்கினார்கள்.

1966-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கள் வரலாறு பாடத்திட்டத்தில் இல்லையே என்று, சோதனைக் கல்லூரி என்ற பெயரில் மாணவர்களே நடத்திய வகுப்புகளில் தாங்களே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1968-ல் நேதன் ஹேர் என்ற சமூகவியலாளரைக் கல்லூரி அழைத்து, கறுப்பின ஆய்வுத் திட்டத்தை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தது. ஆனால் வேலை நகரவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பிளாக் பேந்தர் என்ற கறுப்பினப் போராட்டக் கட்சியைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர் ஜார்ஜ் மரே தற்காலிக நீக்கம் செய்யப்பட்டார். அதுதான் பொறி. 1968 நவம்பர் 6-ம் தேதி வகுப்புகளைப் புறக்கணித்தார்கள்.

கறுப்பின மாணவர்களோடு சீன, ஜப்பானிய, ஃபிலிப்பினோ, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்களும் மூன்றாம் உலக விடுதலை முன்னணி என்ற பெயரில் கைகோத்தார்கள். மொத்தம் 15 கோரிக்கைகள். தங்கள் மக்களைப் பற்றிய துறைகள் வேண்டும், அவற்றை நடத்தும் அதிகாரம் தங்கள் சமூகங்களிடம் இருக்க வேண்டும், மறுக்கப்பட்டவர்களுக்கு அட்மிஷன் வேண்டும் என்பவைதான் அவற்றின் சாரம். கல்லூரித் தலைவர் ராபர்ட் ஸ்மித் பதவி விலகினார். பொறுப்புக்கு வந்தவர் எஸ். ஐ. ஹயாகவா. கனடாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர், ஆங்கிலப் பேராசிரியர். டிசம்பர் 2-ம் தேதி மாணவர்கள் ஒலிபெருக்கி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவரே வண்டி மேல் ஏறி ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார். அந்தக் காட்சி நாடு முழுக்க டிவியில் ஓடி, பின்னாளில் அவரை செனட்டராகவே ஆக்கியது. ஜனவரி 23-ம் தேதி ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் கைது செய்தது. ஆசிரியர்களில் ஒரு பகுதியினரும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்கள். 1969 மார்ச்சில் உடன்பாடு எட்டியபோது ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீண்ட மாணவர் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஹேர், மரே இருவருக்குமே வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் எத்னிக் ஸ்டடீஸ் பள்ளி திறந்தது. அதே 1969 ஜனவரியில் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் (யூசி) பெர்க்லி கேம்பஸ் மாணவர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கி, மார்ச்சில் தங்கள் துறையைப் பெற்றார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் ஓக்ஸ் என்ற மோஹாக் இளைஞர் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் பூர்வகுடி ஆய்வுத் திட்டத்தை உருவாக்க உழைத்த மாணவர். அதே 1969 நவம்பரில் பழைய சிறை இருந்த அல்கட்ராஸ் தீவைப் பிடித்து 19 மாதங்கள் வைத்திருந்த பூர்வகுடிகளின் போராட்டத்துக்கு முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் படகில் ஏற்றி அந்தச் சிறையைக் காட்டப் போகிறோமே, அங்கே தண்ணீர்த் தொட்டியில் தெரியும் சிவப்பு எழுத்துகள் அந்தப் போராட்டத்தின் மிச்சம்.

ஏன் முதலில் அரசுக் கல்லூரியில்? ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டில் அல்லவா புதிய துறைகள் தொடங்குவார்கள்?

வேலைநிறுத்தக்காரர்களின் வாதமே அங்கேதான் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனா டவுன், மிஷன், ஃபில்மோர், ஹண்டர்ஸ் பாயின்ட் பகுதிகளில் இருப்பவர்கள் கட்டும் வரியில்தான் இந்தக் கல்லூரி நடக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்கு உள்ளே இடம் இல்லை, இடம் கிடைத்தாலும் பாடத்தில் அவர்கள் இல்லை. 1960-ல் மாநிலம் கொண்டுவந்த உயர்கல்வித் திட்டம், ஸ்டேட் கல்லூரிகளின் வாசலை மதிப்பெண்ணில் மேல் மூன்றில் ஒரு பங்கு மாணவர்களுக்கு மட்டும் என்று குறுக்கியது. நல்ல பள்ளி இல்லாத பேட்டைகளின் பிள்ளைகள்தான் அதில் முதலில் வெளியே நின்றார்கள். பொதுப்பணத்தில் நடப்பது பொதுமக்கள் எல்லோரையும் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அரசுக் கல்லூரி என்பதால் ஒரு கஷ்டமும் உண்டு. பட்ஜெட் சுருங்கினால் முதலில் கத்தரி விழும் இடங்களில் இந்தத் துறையும் ஒன்று. 2016 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் நிதிக் குறைப்பை எதிர்த்து நான்கு மாணவர்கள் பத்து நாள் உண்ணாவிரதம் இருந்துதான் கூடுதல் பணம் வாங்க முடிந்தது. 1999-ல் பெர்க்லியிலும் அப்படியே ஓர் உண்ணாவிரதம் நடந்தது.

மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அவனுக்கு எதற்கு இது கட்டாயம்?

கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் எந்தக் கேம்பஸில் படித்தாலும், சான் ஹோசே ஸ்டேட் ஆனாலும் ஈஸ்ட் பே ஆனாலும், பட்டம் வாங்க 3 யூனிட் எத்னிக் ஸ்டடீஸ் எடுத்தாக வேண்டும். 2020 ஆகஸ்டில் கையெழுத்தான ஏபி 1460 சட்டம் இதைச் சொல்கிறது. கொண்டுவந்தவர் ஷெர்லி வெபர். சான் டியேகோ ஸ்டேட்டில் பல ஆண்டுகள் ஆப்பிரிக்கானா ஸ்டடீஸ் கற்பித்துவிட்டுச் சட்டமன்றத்துக்குப் போனவர். 2024-25-ல் பட்டம் பெறுபவர்களிலிருந்து இது அமலுக்கு வந்தது.

பட்டத்துக்குத் தேவையான 120 யூனிட்டில் இது 3. சராசரி ஒரு செமஸ்டரில் எடுக்கும் ஐந்து வகுப்புகளில் ஒன்று. இதனால் கோடிங் பின்தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். அவன் நாளை எழுதப்போகும் மென்பொருள் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்யும். முன்பு இதே முடிவுகளை வங்கிகளும் நகராட்சிகளும் எந்தக் கணக்கில் எடுத்தன என்று தெரிந்தவன் அதை எழுதுவது நல்லது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

பெர்க்லி போன்ற யூசி கேம்பஸ்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பெர்க்லியில் 1991 முதல் அமெரிக்கன் கல்ச்சர்ஸ் என்ற தனிக் கட்டாயம் இருக்கிறது. அதற்கான வகுப்பு வேறு துறைகளிலும் கிடைக்கும்.

எந்த வகுப்பை எடுத்தாலும் கணக்கில் வருமா?

வராது. ஸ்டேட் கேம்பஸ்களில் எத்னிக் ஸ்டடீஸ் துறைகளின் குறியீடு உள்ள வகுப்பாகவோ, அந்தத் துறையோடு சேர்ந்து நடத்தப்படுவதாகவோ இருக்க வேண்டும். பொதுக்கல்விப் பட்டியலில் ஏரியா 6 என்று பாருங்கள். பழைய பட்டியலில் ஏரியா எஃப். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) எடுத்துக்கொண்டு மாற்றுபவர்கள், அந்த வகுப்பு இதே பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கவுன்சிலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வகுப்பில் என்ன செய்வார்கள்? உட்கார வைத்து உபதேசம் செய்வார்களா?

நல்ல வகுப்பில் ஆவணங்களைக் கையில் கொடுத்துப் படிக்க வைப்பார்கள். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் சட்டப்படி, குடியேறி வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற "வெள்ளையராக" இருக்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்க வேண்டும். டகாவ் ஒசாவா என்ற ஜப்பானியர் 20 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர், பெர்க்லியில் படித்தவர், வீட்டில் ஆங்கிலம் பேசியவர். என் தோல் வெள்ளைதானே என்று கேட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெள்ளையர் என்றால் தோலின் நிறமல்ல, காக்கேசிய இனம். ஜப்பானியர் அதில் சேர மாட்டார் என்றது.

மூன்றே மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். மானுடவியலாளர்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள், நீங்களே சொன்ன அளவுகோல்படி நான் வெள்ளையர் என்றார். இப்போது நீதிமன்றம், அறிவியல் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் இவரை வெள்ளையர் என்று ஒப்புக்கொள்ள மாட்டான் என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வார்கள். எந்த வரியில் அளவுகோல் மாறுகிறது என்று காட்டச் சொல்வார்கள். அப்புறம் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வார்கள்: திந்த் தரப்பு, அவர் உயர்சாதி ஆரியர் என்பதையே வாதமாக வைத்தது. அமெரிக்க வெள்ளையர் கறுப்பரைத் திருமண விஷயத்தில் எப்படி ஒதுக்குகிறாரோ, உயர்சாதி இந்தியரும் கீழே இருப்பவரை அப்படித்தான் ஒதுக்குகிறார் என்று எழுதிக்கொடுத்தார்கள். அதற்கு நீதிமன்றம், சாதி விதிகள் கலப்பை முழுதாகத் தடுத்துவிடவில்லை என்று பதில் எழுதியது. தனக்குக் குடியுரிமை கேட்டவர் அடுத்தவரைக் கீழே வைத்துக் கேட்டார். இதைப் படித்துவிட்டு ஒரு தமிழ்ப் பிள்ளை வகுப்பில் என்ன பேச வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதே இல்லை.

அப்படியானால் இந்தியர்களின் கதையும் இதில் இருக்கிறதா?

இருக்கிறது. நம்மில் பலர் எச்-1பி விசாவோடுதான் இந்தக் கதை தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திந்த் தீர்ப்பு வந்ததும் ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்க ஆரம்பித்தார்கள். வைஷ்ணோ தாஸ் பாகாய் 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் குடியேறுபவர்களைச் சோதித்த ஏஞ்சல் தீவு வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். கடை நடத்தினார், 1921-ல் குடியுரிமை பெற்றார். பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போய் இறங்கினால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிவைத்துக் குடியேற விடவில்லை. தீர்ப்புக்குப் பிறகு குடியுரிமை போனது. குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டத்தால் சொத்தும் போனது. ஊருக்குப் போய்வரப் பாஸ்போர்ட் கேட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். இந்திய விடுதலைக்காக அமெரிக்காவிலிருந்த இந்தியர்கள் தொடங்கிய கதர் (Ghadar) இயக்கத்தோடு இருந்தவர் அதை வாங்குவாரா? 1928-ல் காரணத்தைக் கடிதமாக எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். கலா பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். இன்று பெர்க்லி டவுன்டவுனில், பல்கலைக்கழகத்துக்கு நடக்கும் தூரத்தில், ஒரு தெருவுக்கு கலா பாகாய் வே என்று பெயர்.

தமிழர்களுக்கு இன்னும் நேரான ஒரு தொடர்பும் உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958-ல் பெர்க்லிக்கு மேற்படிப்புக்கு வந்தார். 1960-களின் தொடக்கத்தில் கறுப்பின மாணவர்கள் நடத்திய ஆஃப்ரோ அமெரிக்கன் அசோசியேஷன் படிப்பு வட்டத்தில் அவரும் இருந்தார். கறுப்பின ஆய்வுகள் என்ற துறையே இப்படிப்பட்ட வட்டங்களில் வாசித்தவர்களிடமிருந்துதான் முளைத்தது. அவருடைய மகள்தான் கமலா ஹாரிஸ். முன்னாள் துணை அதிபரின் அம்மா என்று பெருமைப்படுகிறவர்கள், அவர் யாரோடு உட்கார்ந்து என்ன படித்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. இந்தத் துறையில் சேரலாமா?

அதற்கு இது இடமில்லை. பெர்க்லியில் தமிழ், தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசிய ஆய்வுகள் என்ற துறையில் இருக்கிறது. 1990-களில் அங்குள்ள தமிழர்கள் நிதி திரட்டி அமைத்த தமிழ் இருக்கையும் அங்கேதான். ஜார்ஜ் ஹார்ட் சங்க இலக்கியம் கற்பித்த துறை அது. அங்கே நாட்டைப் படிக்கிறார்கள். எத்னிக் ஸ்டடீஸில் அந்த நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று படிக்கிறார்கள். இரண்டிலும் வகுப்பு எடுத்த மாணவர்கள் உண்டு. அது நல்ல சேர்க்கை.

சாதியைப் பற்றிப் பேசுவார்களாமே? என் பிள்ளை சங்கடப்பட மாட்டாளா?

பேசலாம். பாகுபாடு காட்டக் கூடாத அடையாளங்களின் பட்டியலில் சாதியையும் 2022 ஜனவரியில் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி முழுவதும் சேர்த்தார்கள். மாநிலம் முழுமைக்கும் அதே நோக்கத்தில் வந்த எஸ்பி 403 மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் ரத்து செய்தார். ஆக, விவாதம் உயிரோடு இருக்கிறது.

உங்கள் மகள் கொஞ்சம் சங்கடப்படலாம். அதே வகுப்பில், வீட்டில் வாய் திறக்காமல் வளர்ந்த ஒரு தலித் மாணவி முதல்முறையாக மூச்சு விடலாம். இரண்டு பேருமே நம் பிள்ளைகள்தான். சாதி என்றால் என்ன என்று வீட்டில் நாம் நேர்மையாகச் சொல்லி அனுப்பினால் சங்கடம் பாதி குறையும்.

இது அரசியல் பிரச்சாரம், மக்களைப் பிரிக்கிறது என்கிறார்களே?

அந்தக் குற்றச்சாட்டு பழையது. அரிசோனாவில் 2010-ல் சட்டம் போட்டு, டூசான் பள்ளிகளில் நடந்த மெக்சிக அமெரிக்கப் பாடத்தையே நிறுத்தினார்கள். 2017-ல் ஃபெடரல் நீதிபதி வாலஸ் தஷிமா அந்த நடவடிக்கைக்குப் பின்னால் இன வெறுப்பு இருந்தது என்று தீர்ப்பளித்தார்.

எல்லாக் குறையும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளுக்கான மாதிரிப் பாடத்திட்டத்தின் முதல் வரைவு 2019-ல் வந்தபோது, யூத எதிர்ப்பைச் சரியாகச் சொல்லவில்லை, சீக்கியர்களும் ஆர்மீனியர்களும் விடுபட்டிருக்கிறார்கள் என்று புகார்கள் வந்தன. அவற்றில் நியாயம் இருந்தது. திருத்தி எழுதி 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் ஒரே பக்கத்தை மட்டும் சொல்லி, மறுத்துப் பேசுபவரை அடக்கினால் அது மோசமான வகுப்பு. கெமிஸ்ட்ரியிலும் மோசமான ஆசிரியர் உண்டு. அதற்காக கெமிஸ்ட்ரி வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை.

பிரிக்கிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1968-ல் அந்த வளாகத்தில் சீனப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் ஒன்றாகச் சேர்ந்து போராடியதுதான் இந்தத் துறையின் பிறப்பு.

படிப்பில் ஏதாவது பலன் தெரிந்திருக்கிறதா?

சான் ஃபிரான்சிஸ்கோ உயர்நிலைப் பள்ளிகளில் மதிப்பெண் குறைந்த 9-ம் வகுப்பு மாணவர்களை இந்தப் பாடத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். தாமஸ் டீ, எமிலி பென்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, வருகை 21 சதவீதப் புள்ளிகளும் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 1.4 புள்ளிகளும் கூடின. இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி என்று வேறு சில அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

மேஜராகவே எடுத்தால் வேலை கிடைக்குமா?

பொறியியல் போல கேம்பஸுக்கு வந்து அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. என்னோடு படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பொதுச் சுகாதாரத் துறையிலும் நகராட்சியிலும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் மேலே ஒரு மாஸ்டர்ஸோ சட்டப் படிப்போ படித்தார்கள். கட்டாயப் பாடம் வந்ததால் கல்லூரிகளில் கற்பிக்க ஆள் தேவை கூடியது. ஆனால் அந்த வேலைகளில் பல பகுதிநேர ஒப்பந்த வேலைகள். வீட்டில் ஒத்துக்கொள்ளத் தயங்கினால் இரட்டை மேஜர் அல்லது மைனர் (துணைப் பாடம்) நல்ல வழி. நர்சிங், சோஷியல் ஒர்க், ஆசிரியர் பயிற்சி இவற்றோடு சேரும்போது இது நன்றாகவே கைகொடுக்கிறது.

முனைவர் பட்டம் வரை போக விரும்பினால், பெர்க்லி 1984-லேயே எத்னிக் ஸ்டடீஸில் பிஎச்டி தொடங்கிய இடம். சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் இது ஒரு துறையாக இல்லாமல் தனிக் கல்லூரியாகவே இருக்கிறது, இளங்கலை வகுப்புகளின் வகை அங்கே அதிகம்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்து இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இது இல்லை. படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம்தான். கூடுதல் 24 மாதம் கிடையாது. மாநிலத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணமும் பல மடங்கு. யூசியில் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டும். கடன் வாங்கி இளங்கலைக்கு வராதீர்கள். நிதியுதவியோடு பிஎச்டி கிடைத்தால் யோசிக்கலாம்.

உயர்நிலைப் பள்ளியிலேயே எடுத்துவிட்டால் கல்லூரியில் தேவையில்லையா?

பள்ளி வகுப்பு கல்லூரிக் கட்டாயத்தைத் தீர்க்காது. கம்யூனிட்டி காலேஜ் வகுப்பைப் பள்ளியில் இருக்கும்போதே எடுத்திருந்தால் அது வேறு. பள்ளிகளுக்கென்று 2021-ல் வந்த ஏபி 101 சட்டம், மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் அமலாகும் என்று எழுதப்பட்டது. 2025 பட்ஜெட்டில் ஒதுக்கவில்லை. எனவே இப்போதைக்கு உங்கள் பள்ளி மாவட்டம் என்ன முடிவு செய்திருக்கிறதோ அதுதான்.

வகுப்பில் எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

வாய்மொழி வரலாறு என்று ஒரு பயிற்சி உண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்து, அவர் வந்த காலத்துச் சட்டத்தோடு சேர்த்து எழுத வேண்டும். நான் வாசித்தவற்றில் மறக்க முடியாதது ஒரு தமிழ் மாணவி தன் அம்மாவைப் பற்றி எழுதியது. ஊரில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர், எச்-1பி ஊழியரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் இங்கே வந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. 2015-ல் விதி மாறி, கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களின் மனைவியருக்கு அனுமதி கிடைக்கும் வரை வீட்டில் இருந்தார். "அம்மாவுக்கு வேலைக்குப் போகப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள்.

கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள், பதிவு செய்யுங்கள், பிறகு மொழிபெயருங்கள். எந்த ஆண்டு, எந்த விசா, கையில் எவ்வளவு பணம், முதல் வீட்டை யார் வாடகைக்குக் கொடுத்தார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேட்டால் பேச்சு தானாக வரும். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்றால் பேட்டிக்கு முன் பெரியவரிடம் சம்மதம் வாங்குங்கள், பேச மறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இதற்கு முன்மாதிரி பார்க்க, தெற்காசிய அமெரிக்கர்களின் படங்களையும் கடிதங்களையும் குரல்களையும் சேர்த்து வைத்திருக்கும் சாடா என்ற டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது. இலவசம். பாகாய் குடும்பத்தின் படங்களும் காகிதங்களும் அதில் இருக்கின்றன.

மூன்றாம் ஆண்டு வந்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. தாமதமா?

இல்லை. பட்டத்துக்கு இன்னும் என்ன பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட் எடுத்து அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் கோடை விடுமுறையில் உங்கள் கேம்பஸிலோ பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜிலோ முடிக்கலாம். கடைசி செமஸ்டருக்கு மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.